அளவுகோல் இருந்தது, அளக்கவில்லை

ஜப்பானோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, 1942 பிப்ரவரி 19 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 9066 எண்ணிட்ட ஆணையில் கையெழுத்திட்டார். அதன் பலத்தில் மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேரை ராணுவம் வீடு வாசலைவிட்டுக் கிளப்பி முள்வேலி முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வெளியேற மறுத்துக் கைதான பிரெட் கோரமாட்சு உச்ச நீதிமன்றம் வரை போராடி, 1944 டிசம்பர் 18 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தோற்றார். ஓர் இனத்தாரை மட்டும் கட்டுப்படுத்தும் சட்டம் எதையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும், மிகக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்ற விதி அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அதை எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக், எழுதிய கையோடு அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்.

இவ்வளவு கடுமையான விதி ஏன் ஒருவரையும் காக்கவில்லை? அரசிடம் சான்று கேட்காத வரை எந்த விதியும் வெறும் எழுத்துதான் என்பதே என் பதில். கரையிலிருந்து எதிரிக் கப்பல்களுக்குச் சமிக்ஞை போனதாகத் தளபதி ஜான் டிவிட்டின் அறிக்கை கூறியது. தகவல் தொடர்பு ஆணையம் ஆராய்ந்து அதற்கு ஆதாரமில்லை என்றது. ஆபத்தானவர்களைத் தனித்தனியே அடையாளம் காணலாம், இனம் பார்த்து நடவடிக்கை வேண்டாம் என்றார் கடற்படை உளவு அதிகாரி கென்னத் ரிங்கிள். அரசு வழக்கறிஞர்கள் இவற்றை நீதிமன்றத்தில் எடுத்துவைக்கவில்லை. அப்படியானால் ஏமாற்றப்பட்ட நீதிபதிகளைக் குறைசொல்வது நியாயமா? நியாயம்தான். டிவிட்டின் அதே அறிக்கையைப் படித்த நீதிபதி பிராங்க் மர்பி, அதில் இருப்பது ராணுவத் தேவையல்ல, இனத்துவேஷம் என்று கண்டுகொண்டு மாறுபட்ட தீர்ப்பு எழுதினாரே!

போர்க்காலத்தில் நீதிமன்றம் ராணுவத்தை எதிர்த்து நிற்க முடியுமா என்ற கேள்வி இன்னும் கனமானது. அதற்கு ஹவாய்த் தீவுகளே பதில். ஜப்பான் குண்டு வீசிய முத்துத் துறைமுகம் அங்கேதான் இருக்கிறது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சாவளியினர். ராணுவ ஆட்சி நடந்த அங்கேயே சிலரைத்தான் காவலில் வைத்தார்கள். இனத்தையே முகாமில் தள்ளவில்லை. போரின் வாசலில் தேவைப்படாதது கலிபோர்னியாவில் ஏன் தேவைப்பட்டது? இந்த ஒரு கேள்வியைப் பெரும்பான்மை நீதிபதிகள் கேட்டிருந்தால் போதும்.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1967இன் லவிங் வழக்கு சாட்சி. கலப்பு மணத்தைத் தடுத்த வர்ஜீனியாச் சட்டத்தை அதே கடுமையான விதியால்தான் நீதிமன்றம் வீழ்த்தியது; இனப்பாகுபாட்டைத் தவிர வேறு தகுந்த காரணம் எதையும் வர்ஜீனியாவால் காட்ட முடியவில்லை. மறைக்கப்பட்ட ஆவணங்கள் வெளிவந்த பின், 1983இல் சான்பிரான்சிஸ்கோ நீதிபதி மர்லின் ஹால் பட்டேல் கோரமாட்சுவின் மீதான தண்டனைத் தீர்ப்பை நீக்கினார். உச்ச நீதிமன்றமோ, 1944இன் தீர்ப்பு பிறந்த நாளிலிருந்தே தவறு என்று சொல்ல 2018 வரை எடுத்துக்கொண்டது. அதைச் சொன்ன வழக்கிலேயே, சில நாட்டவர் நுழைவதற்கு அதிபர் டிரம்ப் விதித்த தடையைத் தேசப் பாதுகாப்பின் பேரில் ஐந்துக்கு நான்கு என்று ஏற்றுக்கொண்டது. பழைய தவறின் தர்க்கத்தையே மறுபடி கையாள்கிறீர்கள் என்று நீதிபதி சோனியா சோட்டோமேயர் தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார்.