செயின்ட் ஆங்கர்: ஒரு டிரம் ஓசையின் வழக்கு

ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ரசிகர்கள் கூடும் இடத்தில் சண்டை மூட்ட வேண்டுமா? ‘செயின்ட் ஆங்கர்’ நல்ல ஆல்பம் என்று சொன்னால் போதும்.

2003 ஜூனில் வெளியான இதில், குழுவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக் ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டியிருக்கும் கம்பிச்சரங்களை விலக்கிவிட்டு வாசித்தார். அவை அதிர்ந்தால்தான் ஸ்நேருக்கே உரிய ‘சரக்’ ஓசை எழும். இல்லாதபோது ‘டங்’ என்ற ஓசைதான் மிஞ்சும். தகர டப்பாவைத் தட்டுகிறார் என்ற கேலி இன்னும் ஓயவில்லை. கிர்க் ஹாமெட்டின் கிட்டார் தனி வாசிப்பு ஒன்றுகூட இல்லை என்பது அடுத்த புகார்.

ஆதரிப்பவர்கள் சிறுபான்மைதான், ஆனால் அவர்கள் வாதத்தில் சாரம் உண்டு. பாஸ் கலைஞர் ஜேசன் நியூஸ்டெட் 2001இல் விலகினார். அதே ஆண்டு பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு குடியிலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். பாஸ் பகுதிகளைத் தயாரிப்பாளர் பாப் ராக்கே வாசித்தார். உடைந்துகொண்டிருந்த குழுவின் ஓசை இது, மெருகேற்றியிருந்தால் பொய்யாகியிருக்கும் என்பது அவர்கள் கட்சி. 2004இல் வந்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் இதை எளிதில் தள்ள மாட்டார்கள். பாடல்களின் நீளத்துக்கு மட்டும் அந்த வாதத்திலும் சமாதானம் இல்லை. ஆல்பம் 75 நிமிடம் ஓடுகிறது.

இத்தனை வசைக்கு நடுவிலும், தலைப்புப் பாடல் 2004இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருதை வாங்கியது.