அந்த வருடம் பஸ்ஸில் போனவர்கள்

2020ஐப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வாயில் முதலில் வரும் வசனம், "அப்ப எல்லாரும் வீட்டிலதானே இருந்தம்" என்பதுதான். உங்களில் பலர் அப்போது ஆரம்பப் பள்ளியில் படித்திருப்பீர்கள். சமையலறை மேசையில் ஒரு மடிக்கணினி, கமெராவை மூடிவிட்டுத் தூங்கிய வகுப்புகள், வெளியே ஆளில்லாத தெரு. அதனால் அந்த வசனம் உண்மை போலவே இருக்கிறது. ஆனால் ரொறன்ரோவின் பயணக் கணக்குகளை எடுத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. அந்தக் கதையில் எங்கள் வீடுகளும் இருக்கின்றன.

நகரம் நின்ற விதம்

கனடாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 25 அன்று ரொறன்ரோ சனிபுறூக் மருத்துவமனையில் அறிவிக்கப்பட்டார். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்றது. மார்ச் 17 அன்று ஒன்ராறியோ அவசரகால நிலையை அறிவித்தது. மார்ச் விடுமுறைக்குப் போன மாணவர்கள் அந்தக் கல்வியாண்டில் வகுப்பறைக்குத் திரும்பவேயில்லை.

ஏப்ரலில் ரி.ரி.சி.யின் பயணிகள் தொகை வழமையைவிட ஏறத்தாழ 85 வீதம் குறைந்தது. புறநகரங்களிலிருந்து யூனியன் நிலையத்துக்கு ஆட்களைக் கொண்டுவரும் கோ ரயில்களில் வீழ்ச்சி 90 வீதத்தையும் தாண்டியது. 2019இல் ரி.ரி.சி.யில் நடந்த பயணங்கள் சுமார் 525 மில்லியன். 2020இல் அது சுமார் 225 மில்லியனாகவும், 2021இல் 200 மில்லியனுக்குச் சற்றுக் கீழாகவும் இறங்கியது. ஏப்ரல் மாதக் கடைசியில், சாரதிகள் உட்பட ஏறத்தாழ 1,200 பேரைத் தற்காலிகமாக வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக ரி.ரி.சி. அறிவித்தது.

85 வீதம் பேர் போகவில்லை என்றால் 15 வீதம் பேர் போனார்கள். அவர்கள் யார், எங்கே ஏறினார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முன்பு இப்படி நடந்ததா?

இந்த நகரத்துக்குத் தொற்று புதிதல்ல. 1918 இன்புளுவென்சா வந்தபோது ரி.ரி.சி. என்ற அமைப்பே இல்லை. அது 1921இல்தான் தொடங்கியது. அக்டோபரில் தியேட்டர்கள் மூடப்பட்டன, ஆனால் ஸ்ரீட்கார்கள் ஓடின. தொழிற்சாலை வேலையையோ கடை வேலையையோ வீட்டுக்குக் கொண்டுபோக அன்று வழி இருக்கவில்லை.

2003இல் சார்ஸ் வந்தது. அதன் மையமாக இருந்தது எங்கள் ஸ்காபரோவின் கிறேஸ் மருத்துவமனை. கனடாவில் 44 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 23 அன்று, ரொறன்ரோவுக்கு அவசியமில்லாத பயணங்களைத் தள்ளிவைக்குமாறு உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஒரு வாரத்துக்குள் அதை விலக்கிக்கொண்டது. அப்போது மக்கள் சில இடங்களுக்குப் போவதைத் தவிர்த்தார்கள். சீனக் கடைத்தொகுதிகளும் உணவகங்களும் வெறிச்சோடின. ஆனாலும் காலையில் வேலைக்குப் போகும் பழக்கம் மாறவில்லை.

2020இல்தான் அது மாறியது. கனடா புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில், 2016இல் பெரும்பாலான நேரம் வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் 4 வீதம். 2020 ஏப்ரலில் அது 40 வீதத்தை எட்டியது. 1918இல் இல்லாத வசதி இது. ஆனால் அது எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கணினியில் செய்யும் வேலை வீட்டுக்கு வந்தது. முதியவரைக் குளிப்பாட்டும் வேலையும், பெட்டி அடுக்கும் வேலையும், இறைச்சி வெட்டும் வேலையும் வரவில்லை.

காலியாகாத பஸ்கள்

டவுன்ரவுன் அலுவலகங்களுக்குப் போகும் சப்வே வெறுமையாக ஓடியது. அதே நாட்களில் ஜேன் வீதியின் 35ஆம் இலக்க பஸ்ஸிலும், மார்க்கம் வீதியின் 102இலும் நெரிசல் என்று முறைப்பாடுகள் வந்தன. தொழிற்சாலைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் பராமரிப்பு இல்லங்களுக்கும் ஆட்களைக் கொண்டுபோன பஸ்கள் இவை. 102 எந்த ஊர் வழியாகப் போகிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பஸ்ஸில் ஏறும் முறையும் மாறியது. மார்ச் கடைசியிலிருந்து பின்கதவால் ஏற வேண்டும். சாரதிக்கு அருகில் போகக்கூடாது, பஸ்ஸில் காசு வாங்கமாட்டார்கள். சில இருக்கைகளில் உட்காரவேண்டாம் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். ஒரு பஸ்ஸில் சுமார் 15 பேர் என்று வழிகாட்டல் வந்தது. அதற்கு மேல் ஆட்கள் இருந்தால் சாரதி தரிப்பிடத்தில் நிறுத்தாமல் போகலாம். ஜூலை 2 அன்று முகக்கவசம் கட்டாயமானது. பின்கதவு முறை முடிவுக்கு வந்தது.

நிறுத்தாமல் போகும் பஸ் என்பது ஒரு விதி மட்டுமல்ல. என் அம்மா அப்போது ஒரு நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்தார். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். முதல் பஸ் நிறைந்து போய்விட்டால் இரண்டாவதும் தவறும் என்பதால் வழமையைவிட அரை மணித்தியாலம் முந்தி, இருட்டோடு இறங்கிப் போவார். திரும்பி வந்தால் உடுப்பைக் கராஜிலேயே மாற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். நான் மேல்மாடியில் வகுப்புக்காகக் கணினியைத் திறக்கும் நேரத்தில் அவருடைய வேலைநாளில் இரண்டு மணித்தியாலம் முடிந்திருக்கும். அந்த வீட்டில் "எல்லாரும்" இருக்கவில்லை.

அம்மாவோடு வேலை செய்தவர்களில் சிலர் இரண்டு இல்லங்களில் வேலை செய்து வாழ்ந்தவர்கள். ஒன்றில் கிடைத்த மணித்தியாலங்கள் போதாது என்பதால் இன்னொன்று. ஏப்ரல் 22 முதல், ஒரு ஊழியர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று மாகாண அரசு கட்டளையிட்டது. தொற்று இல்லத்துக்கு இல்லம் பரவாமல் தடுக்க அது தேவையான கட்டளைதான். ஆனால் மத்தியானம் பிடிக்கும் அந்த மூன்றாவது பஸ் நின்றபோது, பலருக்கு இரண்டாவது சம்பளத்துக்கான வழியும் அடைபட்டது.

எண்கள் சொன்னது

2020 ஜூலை முடிவில் ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு ஒரு கணக்கை வெளியிட்டது. இன அடையாளம் பதிவான கோவிட் நோயாளிகளில் 83 வீதமானோர் வெள்ளையரல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்கள். நகர மக்கள்தொகையில் அந்தச் சமூகங்களின் பங்கு 52 வீதம்தான். பஸ்ஸில் ஏறியதால்தான் தொற்றியது என்று இந்த எண்கள் சொல்லவில்லை. நெருக்கமான வீடு, விடுப்பெடுக்க முடியாத வேலை, குறைந்த வருமானம் என்று பல காரணங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் இவை எல்லாம் சந்திக்கும் இடமாக அந்த பஸ் இருந்தது.

வீதியில் மிஞ்சியது

2020 அக்டோபர் 11 அன்று ஸ்காபரோவில் பஸ்களுக்கென்றே சிவப்பு நிறத் தடம் திறக்கப்பட்டது. எக்லிங்ரன் கிழக்கு, கிங்ஸ்ரன் வீதி, மோர்னிங்சைட் வழியாக ஸ்காபரோ பல்கலைக்கழக வளாகம் வரை ஏறத்தாழ 8.5 கிலோமீற்றர். நகரத்தில் வேறு இடங்களில் பயணிகள் மறைந்தபோதும் இந்தத் தெருவில் அவர்கள் குறையாமல் இருந்தது அதை விரைவுபடுத்தியதற்கு ஒரு காரணம். வகுப்புக்குப் போக நீங்கள் இன்று 116 அல்லது 905இல் அந்தத் தடத்தால் போகிறீர்கள் என்றால், அந்த வருடம் வேலைக்குப் போனவர்கள் விட்டுச்சென்ற வழியால் போகிறீர்கள்.

சைக்கிள் பாதைகளின் கதை வேறு. அதே கோடையில் டான்ஃபோர்த்திலும் பிறிம்லி வீதியிலும் அவசரமாகப் பாதைகள் போட்டார்கள். டான்ஃபோர்த் பாதை நிலைத்தது. பிறிம்லி பாதையை அந்த வருடம் முடியும் முன்பே எடுத்துவிட நகரசபை தீர்மானித்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் குறைவு என்பது காரணம். ஆனால் வேலைத்தலம் பதினைந்து கிலோமீற்றர் தள்ளி இருந்து, கார்கள் வேகமாக ஓடும் அகலமான தெருவால் போகவேண்டியிருந்தால், விடியற்காலையில் யார் சைக்கிள் எடுப்பார்? ஒரே தொற்று, ஒரே நகரம், ஆனால் இரண்டு பகுதிகளுக்கு இரண்டு விதமான பயணம்.

கேட்டு எழுதி வையுங்கள்

நகரத்தின் ஆவணக்காப்பகத்தில் 2020ஐப் பற்றி வெறுமையான வீதிகளின் படங்கள் நிறையச் சேரும். நிறைந்த 102 பஸ்ஸின் உள்பக்கத்தை யார் படமெடுத்திருப்பார்? அதனால் ஒரு சின்ன வேலை தருகிறேன். இந்த வார இறுதியில் அம்மாவிடமோ, அப்பாவிடமோ, பக்கத்து வீட்டு மாமியிடமோ கேளுங்கள்: அந்த வருடம் எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்? எந்த பஸ்? எங்கே மாறினீர்கள்? பஸ் நிறுத்தாமல் போனால் என்ன செய்தீர்கள்? முதலில் "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" என்பார்கள். தேத்தண்ணி ஒன்று போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் திகதியோடும் பஸ் இலக்கத்தோடும் எழுதி வையுங்கள்.