கரையின் அடையாளமும் கைவழித் தொழிலும்

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய கடற்கரையில் அமைந்த மீனவர் ஊர் பட்டினச்சேரி. அதற்கும் தெற்கே வாஞ்சூர், எல்லையைக் கடந்தால் நாகூர், அப்பால் நாகப்பட்டினம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்காலைப் பெற்றது முதல் 1954-இல் அவர்கள் ஆட்சி நீங்கியது வரை, இக்குறுகிய கரைப்பகுதி இருவேறு ஆட்சிகளுக்கு உட்பட்டிருந்தது. ஆயினும் வரலாற்றை நோக்குவார்க்கு இது ஒரே கரையாகும். வணிகக் கலங்கள் பல நூற்றாண்டுகளாக வந்து சென்ற ஒரே துறைவரிசையாகும். இக்கரையில் நின்ற கோபுரம் ஒன்று வீழ்ந்த வரலாறும், சோழநாட்டு ஜைனர் இல்லங்கள் ஒரு காப்பியத்தைக் காத்த வரலாறும் ஒருங்கே வைத்து எண்ணத்தக்கவை. தொன்மைச் சின்னங்களைக் காப்பது எது, காக்கத் தவறுவது எது என்பதை அவ்விரண்டும் தெளிவாக உணர்த்துகின்றன.

நாகையின் கோபுரம்

கடாரத்தரசன் ஸ்ரீமாற விஜயோத்துங்கவர்மன் தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணிவர்ம விகாரம் என்னும் பௌத்தப் பள்ளி எழுந்து நிலைபெறச் செய்தான். முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்குப் பள்ளிச்சந்தமாக அளித்தான். பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விடப்பட்ட இறையிலி நிலத்தைக் குறிக்கும் சொல்லாதலின், நம் சமயத்தார்க்கும் அது உரிய சொல்லே. இக்கொடையைக் கூறும் 21 செப்பேடுகள் பிற்காலத்தில் ஒல்லாந்து நாட்டின் லெய்டன் நகரைச் சேர்ந்தமையால், லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒன்றிரண்டு கல் தொலைவில் மூன்று நிலைகளையுடைய சதுரமான செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றிருந்தது. சாந்து இடாமலே செங்கற்கள் நெருக்கமாக இழைத்து அடுக்கப்பட்ட கட்டடம் அது. 1846-இல் அதனைக் கண்ட சர் வால்டர் எலியட் அதன் வடிவத்தை எழுதி வைத்தார். ஊரார் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியருள் சிலர் சீனக் கோபுரம் என்றும், வேறு சிலர் கறுப்புக் கோபுரம் என்றும் அழைத்தனர். முக்கோண நில அளவைத் துறையின் வரைபடத்திலோ அது 'ஜைனக் கோபுரம்' என்றே குறிக்கப்பெற்றிருந்தது. பௌத்தக் கோபுரம் நம் பெயரைச் சுமந்து நின்றமை வியப்பன்று. அதனைத் தம்முடையது என்று உரிமை கூறி, அதன் உண்மை வரலாற்றைச் சொல்வார் எவரும் அப்போது இல்லை. ஆதலால் கண்டவர் கண்டவாறு பெயரிட்டனர்.

அக்கோபுரத்துக்கு வழிபாடு இல்லை, விளக்கேற்றுவாரும் இல்லை. கடலில் வரும் கலங்களுக்குக் கரையைக் காட்டும் அடையாளமாக நின்றதே அதற்கு எஞ்சியிருந்த ஒரே பயன். 1867-இல் ஏசு சபைத் துறவியர் தம் கல்லூரிப் பணிக்காக அதனை இடித்துச் செங்கற்களைப் பயன்படுத்த அனுமதி வேண்டினர்; சென்னை அரசும் அனுமதி அளித்தது. கோபுரம் இடிக்கப்பட்டது. கல்லூரியோ 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம் மாறியது. கல்வி வளர்க்கும் நோக்கம் நல்லதே. ஆயினும் ஒருமுறை இடித்தது மீண்டும் வாராது. 1856 முதல் 1934 வரை அப்பகுதியில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அவற்றை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் எழுதிய நூல் 1954-இல் வெளிவந்தது. இன்று படிமங்கள் அருங்காட்சியகங்களில் உள, செப்பேடு உண்டு, எலியட் எழுதிய படமும் உண்டு, கோபுரம் மட்டும் இல்லை.

அதே கரையில் நாகூர்த் தர்காவின் மனாராக்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றுள் மிக உயர்ந்தது 131 அடி உயரமுடையது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பியது. அதுவும் கடலிலிருந்து தெரியும் அடையாளமே. ஆனால் அதற்கு நாள்தோறும் வருவோர் உண்டு. ஆண்டுதோறும் கந்தூரி உண்டு. வெள்ளையடிப்பாரும் பழுது பார்ப்பாரும் உண்டு. மன்னன் கொடை இரண்டுக்கும் இருந்தது. தொடர்ந்து பேணும் கைகள் ஒன்றுக்கே இருந்தன.

ஏடு காத்த இல்லங்கள்

இனி, காக்கப்பட்டதன் வரலாற்றைக் காண்போம். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், அங்கு முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் தூண்டுதலால் சீவகசிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும், ஜைன சமயக் குறியீடுகள் பல அவருக்கு விளங்கவில்லை. சைவச் சூழலில் பயின்ற அவருக்கு அவ்வறிவைத் தரவல்ல அச்சு நூல்கள் அன்று இல்லை.

கும்பகோணத்து ஜைனர் இல்லங்களில் அவ்வறிவு உயிரோடு இருந்தது. ஐயர் அங்குச் சென்ற நாளில், ஓர் இல்லத்தில் சிந்தாமணி படனம் பல மாதம் நடந்து நிறைவெய்தியமைக்காக விழா நடைபெற்றது. திருத்தக்கதேவர் பாடிய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுட்களை முறையாகப் படித்துப் பொருள் கேட்பதை அவர்கள் சமயக் கடமையாகவே கொண்டிருந்தனர். சந்திரநாத செட்டியார் முதலிய ஜைனப் பெரியோர் ஐயரின் ஐயங்களைத் தீர்த்தனர். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது.

இவ்விடத்து ஒன்றைக் கருத வேண்டும். ஏடுகள் பிற மதத்தார் வீடுகளிலும் மடங்களிலும் இருந்தன. ஆனால் ஏட்டின் பொருள், அதனை இடையறாது படித்து வந்தோரிடமே இருந்தது. ஏடு எழுதுதலும், பழுதுற்ற ஏட்டைப் பெயர்த்தெழுதுதலும், அவையில் படித்தலும், பொருள் விரித்தலும் கைவழியாக வந்த தொழில்கள். சாத்திரதானம் என்று நம் முன்னோர் போற்றியது இதனையே. 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை என்னும் அம்மையார் பொன்னரின் சாந்திபுராணத்துக்கு 1000 படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பர். ஆயிரம் படி வேண்டுமாயின், அத்தனையும் எழுதவல்ல கைகள் வேண்டும். அவர்களுக்கு ஊதியம் வேண்டும். அறக்கொடை அங்கே ஒரு தொழிலையும் வாழ்வித்தது.

செங்கல்லும் சுண்ணாம்பும்

காவிரிப் படுகையில் மலை இல்லை. கல்லும் தொலைவிலிருந்தே வர வேண்டும். ஆதலால் இங்குள்ள பழங்கட்டடங்கள் பலவற்றில் செங்கல்லும் சுண்ணாம்பும் பெரும்பங்கு கொண்டன. தீபங்குடியில் தீபநாயகர் எனப் போற்றப்படும் ஆதிநாதர் ஜினாலயம், மன்னார்குடி மல்லிநாதர் ஜினாலயம், கும்பகோணம் சந்திரப்பிரபர் ஜினாலயம், தஞ்சைக் கரந்தை ஆதீசுவரர் ஜினாலயம் ஆகியவை இந்நாட்டில் நமக்கு எஞ்சியுள்ள செல்வங்கள். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டார் தீபங்குடியினர் என்பது மரபு. இவ்வாலயங்கள் நின்றமைக்குக் காரணம், குடும்பங்கள் குறைந்த காலத்தும் உபாத்தியாயர்கள் நித்திய பூசையைக் கைவிடாமையும், திருவிழா நாளில் வெளியூர்களிலிருந்து சிராவகர்கள் வந்து கூடியமையுமேயாகும்.

இன்று இவற்றுக்கு வரும் இடர் பகைமையினால் அன்று. பெரும்பாலும் பக்தியினால் வருவது. பொருள் மிகுந்த அன்பர்கள் திருப்பணி செய்ய முன்வருகின்றனர். பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சிமெண்டு பூசுகின்றனர். தரையில் வழவழப்பான ஓடு பதிக்கின்றனர். சுதைச் சிற்பங்களின்மேல் எனாமல் வண்ணம் தீட்டுகின்றனர். கடலோரக் காற்றில் உப்பு உண்டு. நிலத்தடி ஈரமும் சுவரில் ஏறும். சுண்ணாம்புச் சாந்து நுண்துளைகள் உடையதாதலின் அவ்வீரத்தை வெளியே விடும். சிமெண்டோ அதனை உள்ளே அடைக்கும். அடைபட்ட ஈரத்தோடு உப்பும் செங்கல்லுக்குள் தேங்கி, உலரும்போது படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே சுவர் புதிதாகத் தோன்றும். உள்ளே அது தளர்ந்துகொண்டிருக்கும். தமிழகக் கோயில்கள் சிலவற்றில் கருங்கல்லைத் தூய்மை செய்ய மணலை விசையோடு வீசியதனால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிய கதையும் நாம் அறிந்ததே.

சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் புளிக்கவிட்டு, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசும் கொத்தர் வேலை இதற்கு மருந்து. அவ்வேலை அறிந்தோர் அருகி வருகின்றனர். அவர்கள் மறைந்தபின், பணம் எவ்வளவு இருப்பினும் பழைய ஆலயத்தைப் பழையவாறு பழுது பார்க்க இயலாது. கட்டடத்தைக் காக்க விரும்புவோர் கொத்தரையும் காக்க வேண்டும்.

பட்டினச்சேரியின் கரையில்

இக்கருத்து ஆலயத்துக்கு மட்டும் உரியதன்று. மாசிமகத் தீர்த்தவாரிக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகின்றார். பத்மினி நாச்சியார் மீனவர் குலத்தில் தோன்றியவர் என்பது தொன்மரபாதலின், பட்டினச்சேரியார் பெருமாளைத் தம் ஊர் மாப்பிள்ளையாகவே எதிர்கொண்டு சிறப்புச் செய்கின்றனர். இவ்விழா நிலைத்திருப்பது சாசனத்தால் அன்று. அது தம் கடமை என்று கருதும் ஊரார் அங்கு வாழ்வதனால்.

அவ்வூரார் வாழ்வோ விரைந்து மாறி வருகின்றது. இலகுவான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் பிணைத்த கட்டுமரம் இக்கரையின் பழங்கலம். உலக மொழிகள் பலவற்றுக்கும் அச்சொல் தமிழிலிருந்தே சென்றது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், சோழமண்டலக் கரையெங்கும் ஃபைபர் படகுகள் பெருகிக் கட்டுமரங்கள் ஒதுங்கின. 2009-இல் வாஞ்சூரை ஒட்டித் தனியார் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்ததும், கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்துக் கடலில் தம் இடத்தைக் கணித்ததும் முதியோர் நினைவில் உள. இளையோர் கையில் திசைகாட்டும் கருவி உளது. வாழ்வு எளிதானதைக் குறை கூறுதல் தகாது. கடலிற் செல்வோர் உயிருக்குப் பாதுகாப்பு தரும் எதுவும் நன்றே. ஆயினும் பழைய அறிவு எழுதி வைக்கப்படாமலே மறைவது இழப்பு.

மீன்பிடித்தல் சிராவக ஒழுக்கத்துக்கு ஒத்த தொழிலன்றே, அதனை நம் மலரில் பேசுவது ஏன் என்று அன்பர் சிலர் வினவலாம். வினா நேர்மையானதே, கொல்லாமை நமக்கு முதல் விரதம், அதில் தளர்ச்சி இல்லை. ஆனால் காற்றறிவும் நீரறிவும் கலம் கட்டும் திறனும் உயிர்க்கொலை அல்ல. இக்கரையில் வணிகம் செய்தோர் கடல் கடந்தது அவ்வறிவைக் கொண்டே. சிலப்பதிகாரத்தில் சமணத் துறவியாகிய கவுந்தியடிகள் துணைநின்ற கண்ணகி, மாநாய்கன் என்னும் கடல்வணிகன் மகள் அன்றோ? ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு என்பது அநேகாந்தம். சைவராகிய சாமிநாதையரை ஜைனர் வாயிலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியிருப்பின் சிந்தாமணிப் பதிப்பு என்னாகியிருக்கும்? பிறர் அறிவை மதிப்பதில் நாமும் அப்பெரியோர் வழியே நிற்றல் வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

சட்டம் ஓரளவே துணை செய்யும். 1958-ஆம் ஆண்டின் தொல்சின்னச் சட்டம், 2010-இல் திருத்தப்பட்டபின், மத்திய அரசால் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடத்தைத் தடுக்கின்றது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை ஒழுங்குபடுத்துகின்றது. ஊர்தோறும் உள்ள சிறு ஆலயங்கள் பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. ஆதலால் பொறுப்பு நம்முடையதே.

திருப்பணி தொடங்குமுன் ஆலயத்தின் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து, கல்வெட்டுகளைப் படியெடுத்து, பழையதை அறிந்தாரிடம் காட்டிய பின்னரே உளி வைக்க வேண்டும். திருப்பணி நிதியில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தர்க்கும், அவரிடம் கற்கும் இளைஞர்க்கும் ஊதியமாக ஒதுக்குதல் நன்று. உபாத்தியாயர் குடும்பங்களின் பிள்ளைகள் அத்தொழிலில் நிற்குமளவு வருவாய்க்கு வழி செய்ய வேண்டும். சிந்தாமணிப் படனத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் இல்லத்தில் அல்லது ஆலய மண்டபத்தில் நிறைவு செய்து, சிறுவரை உடனிருத்திப் படிக்கச் செய்தல் வேண்டும். பட்டினச்சேரி போன்ற கரையூர்களின் முதியோரிடம், அவர்கள் இசைவோடும் அவர்கள் பெயராலும், காற்றின் பெயர்களையும் கட்டுமரம் கட்டும் முறையையும் கேட்டெழுதி அவ்வூர்ப் பள்ளிகளுக்கே அளிக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, பொறுமையே வேண்டும்.

புதுவெளிக் கோபுரத்தை வீழ்த்தியது பகைவர் படையன்று. பயனில்லாதது என்ற எண்ணமே. ஓர் இடத்துக்கு உரிய பணி நின்றபின் அவ்விடம் வெறும் செங்கல்லாகத் தோன்றும். செங்கல்லுக்கு விலை பேசுவோர் எக்காலத்தும் உளர். நம் ஜினாலயங்களில் பூசையும், படனமும், கொத்தர் கைவேலையும் தொடரும்வரை அவற்றை அவ்வாறு எவரும் எண்ணத் துணியார். இத்திருநாளில் நாம் அளிக்கும் கொடையுள் ஒரு பங்கேனும் அக்கைகளைச் சென்று சேர்வதாக.