மெட்டு யார் கையில? கசெட்டிலிருந்து லேப்டொப் வரை

கிட்டார் வாசிக்கிற தம்பி தங்கச்சிகள் எங்ககிட்ட அடிக்கடி கேட்கிற கேள்வி இது: வீட்டிலேயே ரெக்கோர்ட் பண்ண எந்த மென்பொருள் நல்லது? பதிலுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு பேசுவோம். மலையகத்தில பாட்டுக்கு 200 வருஷ வயசு. பதிவுக்கு வயசு ரொம்பக் குறைவு.

பெரட்டுக்கு எழுப்பிய தப்பு, தொட்டில் தாலாட்டு, சாவு வீட்டு ஒப்பாரி, மாசியில் காமன் கூத்து என்று தோட்டம் முழுக்கப் பாட்டுதான். கோ. நடேசய்யரின் துணைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் தன் பாடல்களைப் புத்தகமாகவும் போட்டார். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அவருடைய 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வந்தது. இந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் நமக்கு அந்தச் சொற்களே கிடைத்திருக்காது. ஆனா அச்சில நிக்கிறது சொல் மட்டும்தானே? எந்த இடத்தில குரல் இழுத்தது, எந்த இடத்தில தப்பு விழுந்தது என்பதெல்லாம் பாடியவங்களோடவே போயிடுது.

கொழும்பில் 1925இலேயே வானொலி தொடங்கிவிட்டது. ஆனா ஒலிப்பதிவுக் கூடம் அங்கே, பாடுறவங்க இங்கே. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாடல்களோடு கிட்டார் ஈழத்துத் தமிழ்ப் பாட்டில் உறுதியாக இடம்பிடித்தது. அதைக் கேட்டு லயத்திலும் கிட்டார் பழகலாம். பதிவு பண்ணணும்னா ரயிலேறணும், மணிக்கணக்குக் காசு கட்டணும்.

இந்தத் தூரம் குறைய ஆரம்பிச்சது 1979இல். டாஸ்காம் கம்பனி சாதாரண கசெட்டில் நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதியும் 'போர்ட்டாஸ்டூடியோ' கருவியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அதை வைத்து வீட்டில் பதிந்த பாடல்களே 1982இல் 'நெப்ராஸ்கா' என்ற இசைத்தட்டாக வந்தன. பெரிய ஸ்டூடியோ இல்லாமலும் முடியும்னு உலகம் பார்த்தது.

அடுத்து கணினி. 'கேக்வோக்' மென்பொருளின் கதை நமக்கு நல்ல பாடம். 1987இல் தொடங்கி, 'சோனார்' என்று வளர்ந்து, கிட்டார் வாசிக்கிறவங்களுக்குன்னே 'கிட்டார் ட்ராக்ஸ்' என்ற சின்னப் பதிப்பும் போட்டது. 2013இல் கிட்டார் கம்பனியான கிப்சன் அதை வாங்கியது. 2017 நவம்பரில் மூடியது. காசு கொடுத்து வாங்கினவங்க நடுரோட்டில நின்னாங்க. 2018இல் சிங்கப்பூரின் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. 2025இல் அந்த இலவசப் பதிப்பையும் நிறுத்திவிட்டு, மறுபடி சோனாருக்கே எல்லாரையும் அழைத்தது. கம்பனி கைமாறும், பேர் மாறும். நம்ம பாட்டு அதோட சேர்ந்து போகக்கூடாது.

சரி, எதை எடுக்கிறது? லயத்துக் காம்பராவை நினைச்சுப் பாருங்க. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம், மேலே தகரத்தில மழை. ஆம்ப்ளிஃபையரைத் திறந்து வைக்க முடியாது. அதனால எலக்ட்ரிக் கிட்டாரை ஓடியோ இன்டர்ஃபேஸில் நேரடியாகக் குத்தி, ஆம்ப் ஒலியை மென்பொருளிலேயே உருவாக்கி, ஹெட்போனில் கேட்பதுதான் வழி. ரீப்பர் இதுக்குப் பொருத்தம். வின்அம்ப் செய்த ஜஸ்டின் ஃபிராங்கலின் படைப்பு அது. டவுன்லோட் சின்னது, பழைய லேப்டொப்பிலும் ஓடும். 60 நாள் பரீட்சித்துப் பார்க்கலாம், தனிநபர் உரிமம் 60 டொலர். குரலும் ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரும் மட்டும்னா இலவச ஓடாசிட்டி போதும். போன்தான் இருக்கா? பேண்ட்லேப் செயலியில தொடங்குங்க.

கம்பியைத் தட்டியதும் சத்தம் பிந்திக் கேட்டா, உடனே புது மென்பொருள் தேடாதீங்க. முதல்ல ஆசியோ டிரைவர் போட்டு, பதியும்போது பஃபரை 128க்குக் குறைங்க. கலவை செய்யும்போது 512க்கு ஏத்துங்க. கையில காசு வந்தா முதல்ல நல்ல இன்டர்ஃபேஸ், பிறகு ரேம், கடைசியாத்தான் மென்பொருள். பாட்டு பாதியில இருக்கும்போது அப்கிரேட் வேண்டாம்.

பாட்டு முடிஞ்சதும் ஒவ்வொரு தடத்தையும் ஆரம்பத்திலிருந்து தனித்தனி வேவ் கோப்பாக எடுங்க. எந்த மென்பொருளும் அதைத் திறக்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ தடம் நிமிஷத்துக்கு 8.6 எம்பி. எட்டுத் தடமுள்ள நாலு நிமிஷப் பாட்டு 300 எம்பிக்குள்ள அடங்கும். ரெண்டு பென் டிரைவில போட்டு ரெண்டு வீட்டில வையுங்க. பாடினவர் பேர், தோட்டம், டிவிஷன், தேதி எல்லாம் எழுதி வையுங்க.

உங்க சொந்தப் பாட்டைப் பதியிற அதே லேப்டொப்பில அம்மாயியோட தாலாட்டுக்கும் ஒரு தடம் திறங்க. அவங்க பாடுறப்போ கிட்டார் வேண்டாம். முதல்ல குரல் மட்டும். கோர்டை நாம பிறகு தேடிக்கலாம்.