வூமராவில் பிடிபட்ட ஒளி

சிட்னிப் பக்கம் கெல்லிவில்லில் இருப்பவர்களுக்கு ஆல்பா, பீட்டா சென்டாரி இரண்டும் மறைவதே இல்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் மே மாதத்தில் தென்னை மட்டைகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் தலைகாட்டும், அவ்வளவுதான். பீட்டா சென்டாரிக்குச் சில பாகை தெற்கேதான் நான் சொல்லவரும் இடம். வெறுங்கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது.

1967 ஏப்ரல் 4. தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமராவிலிருந்து ஒரு ராக்கெட் கிளம்பியது. எக்ஸ் கதிர்களைக் காற்று மண்டலம் தரைக்கு விடாது. மேலே போய்ச் சில நிமிடம் பார்த்துவிட்டு விழ வேண்டியதுதான். அடிலெய்டு, டாஸ்மேனியா பல்கலைக்கழகத்தார் அனுப்பிய அந்தக் கருவியில் முன்பு இல்லாத ஓர் எக்ஸ் கதிர் மூலம் பதிவானது. சென் எக்ஸ்ஆர்-2 என்று பெயர் வைத்தார்கள். அடுத்த சில நாளில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ராக்கெட்டும் வூமராவிலிருந்தே அதைப் பார்த்தது. சில மாதத்தில் ஆள் அட்ரஸ் இல்லை. திடீரென எரிந்து அணையும் எக்ஸ் கதிர் மூலம் ஒன்று உண்டென்று உலகம் அறிந்தது அப்போதுதான். வூமரா என்றால் ஏவுகணைச் சோதனையைத்தான் நினைக்கிறோம், இதையும் நினைக்கலாம்.

இப்படித் திடீரென எரிந்து அணைவது ஏன்? இத்தகைய மூலங்கள் பலவற்றில் கருந்துளையும் விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும்போது, விண்மீனிலிருந்து உறிஞ்சப்படும் வாயு நேரே உள்ளே விழுவதில்லை; ஒரு வட்டாகச் சுழன்று சேர்கிறது. எங்கள் கண்மாய் நிரம்பிக் கலுங்கு பாயும் கதைதான்: பல வருஷம் சேரும். வெப்பம் ஓர் அளவைத் தாண்டியதும் ஹைட்ரஜன் அயனியாகி, உராய்வு கூடி, வட்டில் சேர்ந்தது உள்ளே சரியும். எக்ஸ் கதிர் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறும். தொடக்கத்தில் கதிர்கள் கடினம், அதாவது ஆற்றல் மிக்கவை. கருந்துளையருகே பீறிடும் தாரை ரேடியோவில் தெரியும். உச்சத்தை ஒட்டி மென்கதிர் மேலோங்கும்போது தாரை அடங்கிவிடும். வழக்கம் அது.

1987இல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் ஏறக்குறைய அதே இடத்தில் ஒரு வெடிப்பைக் கண்டது. அந்த மூலத்தின் பெயர் ஜிஎஸ் 1354-64. 2004இல் அதன் துணை விண்மீனின் ஓட்டத்தை அளந்து, ஏழு சூரியனுக்கும் மேற்பட்ட நிறையுள்ள கருந்துளை என்று உறுதிசெய்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று சுற்ற இரண்டரை நாள். 1967இல் எரிந்ததும் இதுதானா? இதன் தூரத்தை வைத்துக் கணக்கிட்டால் அன்றைய பிரகாசம் நம்ப முடியாத அளவுக்குப் போகிறது. அதனால் வழக்கு இன்னும் முடியவில்லை. எனக்கென்னவோ இரண்டும் வெவ்வேறு என்றே படுகிறது. எதுவானாலும், 1997இலும் 2015இலும் ஜிஎஸ் 1354-64 மறுபடி வெடித்தது. இரண்டு முறையும், வழக்கத்துக்கு மாறாக, மென்கதிர்ப் பக்கமே எட்டிப்பார்க்காமல், கடின நிலையிலேயே எரிந்து தணிந்தது.