நரகத்தில் மறைந்த குற்றவாளிகள்

யப்பானிய நெறியாளர் நொபுவோ நகாகாவா 1959இல் எடுத்த 'யொத்சுயா' பேய்ப்படத்தை நாம் மதிக்கிறோம். 1825ஆம் ஆண்டின் கபுகி நாடகத்திற் பிறந்த அக்கதையிலே, செல்வர் வீட்டுச் சம்பந்தத்தை நாடி வறிய சாமுராய் ஒருவன் மனைவியைக் கொல்கிறான். பேய் எவரை வருத்துகின்றது, ஏன் வருத்துகின்றது என்பதில் ஐயமே எழுவதில்லை.

1960இல் அவரளித்த 'ஜிகொக்கு', அதாவது 'நரகம்', நம்மை ஏமாற்றிவிட்டது. அதன் இறுதிப் பகுதி முழுவதும் தோலுரிப்பும் அறுப்பும் இரத்தமுமே. வண்ணங்களைக் கையாண்ட துணிவை மறுப்பதற்கில்லை. ஆயினும், போர்முனையிலே சாகுந் தோழனின் தண்ணீரைப் பறித்த பேராசிரியரும், விபத்தொன்றை மறைத்த மாணவனும் ஒரே நரகில் வதைபடுகின்றனர். அப்பேராசிரியரைப் போருக்கு அனுப்பியவர் எவர்? படம் அதைக் கேட்கவேயில்லை.

கேட்கவேண்டிய ஆண்டல்லவா அது! தோஜோவின் போர்க்கால அமைச்சரும், போர்க்குற்றச் சந்தேகத்திற் சிறையிருந்து 1948இல் விசாரணையின்றி விடுதலையானவருமான கிஷியே அப்போது பிரதமர். அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை எதிர்த்து மாணவரும் தொழிலாளரும் வீதிகளை நிறைத்தனர். யூலையில் அவர் பதவி துறந்தார். அம்மாத இறுதியிற் படம் வெளிவந்தது.

தயாரித்த ஷின்தோஹோவின் பிறப்பை எண்ணினால் இதில் வியப்பில்லை. தோஹோ நிலையத்து வேலைநிறுத்தத்தை ஏற்காது பிரிந்தோர் 1947இல் நிறுவிய அந்நிறுவனம், 1961இல் முறிந்துபோயிற்று.