சர்க்கரைப் புண்ணும் நோயெதிர்ப்பு மண்டலமும்

நீரிழிவு உள்ளவர்களின் பாதத்தில் தோன்றி, மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கும் காயத்தைச் சர்க்கரைப் புண் என்கிறோம். நீரிழிவு உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது வாழ்நாளில் இது வரக்கூடும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொல்கிறது.

புண் ஆறாததற்கு ‘எதிர்ப்பு சக்தி இல்லை’ என்பதே ஊரில் சொல்லப்படும் காரணம். அது பாதி உண்மைதான். காயம் பட்ட சில மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. ஓரிரு நாளில் மேக்ரோஃபேஜ்கள் வந்து, கிருமிகளோடு செத்த நியூட்ரோஃபில்களையும் அப்புறப்படுத்துகின்றன. அந்தத் துப்புரவு முடிந்ததும் இதே மேக்ரோஃபேஜ்கள் தம் இயல்பை மாற்றிக்கொண்டு, புதிய இரத்த நாளங்களும் கொலாஜனும் உருவாகத் தூண்டும் பொருட்களைச் சுரக்கின்றன. காயம் ஆறுவது இந்த மாற்றத்தைப் பொறுத்தது.

நீரிழிவில் தொடக்கமும் பிசகுகிறது, முடிவும் பிசகுகிறது. நியூட்ரோஃபில்கள் தாமதமாக வருகின்றன. வந்தாலும் கிருமியைக் கொல்லும் திறன் குன்றியிருக்கிறது. உயிரணுவுக்குள் மிகுந்துவிட்ட குளுக்கோஸைச் சார்பிட்டாலாக மாற்ற என்.ஏ.டி.பி.எச். என்னும் மூலக்கூறு செலவாகிவிடுகிறது. கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் கூறுகளை உண்டாக்கவும் அதே மூலக்கூறுதான் வேண்டும். இப்படித் தடுமாறி வரும் அணுக்கள் உரிய காலத்தில் விலகுவதும் இல்லை. மேக்ரோஃபேஜ்கள் செத்த அணுக்களைச் சரிவர அகற்றாமல், போர்க்கோலம் களையாமலே நிற்கின்றன. டி.என்.எஃப்.-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்கள் ஓயாமல் சுரக்க, கொலாஜனை வெட்டும் நொதிகள் பெருகி, புதிதாக உருவாகும் திசுவையே அரித்துவிடுகின்றன. ஆகவே எதிர்ப்பு இல்லாதது மட்டுமல்ல, தொடங்கிய எதிர்ப்பு ஓயாததும் புண் ஆறாமைக்குக் காரணம்.

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு கூறு எளிதில் விளங்கும். அங்கே குரோமிய உப்பு கொலாஜன் இழைகளைப் பிணைத்துத் தோலை அழுகாமல் காக்கிறது. உயிருள்ள உடலில் மிகுதியான சர்க்கரை, ஆண்டுக்கணக்கில் மெல்ல அதே போன்ற பிணைப்பை ஏற்படுத்துகிறது. பாதத்தின் தோல் விறைத்து வெடிக்கிறது. அப்படி உருவாகும் சர்க்கரை-புரதக் கூட்டுப்பொருட்கள் மேக்ரோஃபேஜ்களின் ஏற்பிகளில் ஒட்டி அழற்சியை மேலும் நீட்டிக்கின்றன.

நரம்பு மரத்த பாதத்தில் வலி தெரியாது. புண்ணை ஊன்றியே நடப்பதால் ஒவ்வோர் அடியும் புதுக் காயமாகி, அழற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இதை முதலில் தெளிவாகக் காட்டியது தொழுநோய்ச் சிகிச்சை. 1946-ல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் பாதம் சிதைவதற்கு வலியறியாமல் திரும்பத் திரும்ப ஊன்றுவதே பெரும் காரணம் என்று நிறுவினார். வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையமும் இப்பணியில் சேர்ந்தது. நுண்துளை ரப்பரால் ஆன ‘எம்.சி.ஆர். செருப்பு’ இந்த வட்டாரப் பணியில் வளர்ந்தது. 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், பாதம் முழுவதும் படியும் மாவுக்கட்டைத் தொழுநோயிலிருந்து நீரிழிவுப் புண்ணுக்கும் கொண்டுவந்தார். அழுத்தத்தைப் பரப்பிக் குறைப்பதில் இன்றும் அதுவே முதன்மையான முறைகளில் ஒன்று.

சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, இறந்த திசுவை அகற்றுவது, காலின் இரத்த ஓட்டத்தைச் சோதிப்பது, தொற்று இருந்தால் மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுப்பது ஆகியவை மற்ற அடிப்படைச் சிகிச்சைகள். வளர்ச்சிக் காரணியைக் கொண்ட பெகாப்ளெர்மின் களிம்புக்கு 1997-ல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆனால் ஊன்றுவதை நிறுத்தாத காலில் எந்தக் களிம்பாலும் பெரிதாகப் பயன் கிடைக்காது.

எம்.சி.ஆர். செருப்புக்குக் குதிகால் பட்டை அவசியம். மரத்த காலிலிருந்து செருப்பு கழன்றாலும் போட்டிருப்பவருக்குத் தெரியாது. நாள்பட அழுந்திக் கெட்டியாகிவிட்ட ரப்பரை மாற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் நடக்கும்போதும் செருப்பைக் கழற்றக் கூடாது.